மேலே ஏறிய நிறம்

அந்த மனுசன் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நான், கண்டியில் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளர். அவர் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் ஆசிரியர். அன்று கரும்பலகையில் ஓர் அறுகோணம் கீறி, அதில் மூன்று இரட்டைப் பிணைப்புகளைப் போட்டார். பிறகு பழைய போத்தலில் மிச்சமிருந்த பென்சீனைப் புரோமின் நீரோடு சேர்த்துக் குலுக்கி, சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்தார்.

"கீழ தண்ணியின்ர நிறம் போயிட்டுது, பாருங்கோ. இரட்டைப் பிணைப்பில புரோமின் சேர்ந்திட்டுது. இது கூட்டல்."

"மேல பாருங்க சார்," என்றேன்.

புரோமின் எதிலும் சேரவில்லை. தண்ணீரை விட்டு, மேலே மிதந்த பென்சீனில் கரைந்து செம்மஞ்சளாக நின்றது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"குழாய் கழுவுறதுதான் உம்மட வேலை. ஹேவாஹெட்டத் தோட்டத்தில உமக்கு இதெல்லாம் படிப்பிச்சவையோ?"

அடுத்த வாரம், முன்பே தெரிந்தவர்போல, அறுகோணத்துக்குள் வட்டம் கீறினார். "அந்த ஆறு இலத்திரனும் வளையம் முழுக்கப் பரவி நிக்குது. அதுதான் பென்சீன்ர உறுதி. அதைக் குலைச்சுக்கொண்டு புதுசா ஒண்டையும் லேசில சேர்க்காது. இருக்கிற ஐதரசன் ஒண்டை வெளிய தள்ளிப்போட்டுத்தான் இன்னொண்டை எடுக்கும். இது பிரதியீடு."

தவணை முடியுமுன் என்னைக் களஞ்சிய அறைக்குத் தள்ளிவிட்டு, ஆய்வுகூடத்துக்குத் தன் மச்சானை எடுப்பித்தார்.

கூட்டலில் பிழைவிட்ட மனுசன், பிரதியீட்டை மட்டும் செய்முறையிலேயே சரியாகக் காட்டிவிட்டார்.