பக்கத்து இடத்துக்கு ஒரு டிக்கெட்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான், சாமிக்குக்கூட பரீட்சை சமயத்தில்தான் கும்பிடு போடுவேன். ஆனாலும் இது நடந்தது, அதுவும் விளக்கு வைக்கும் நேரத்தில், ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு நடுவில்.

அப்பாவுக்கு பெங்களூரில் கட்டட வேலை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதும், காரிமங்கலம் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டோம். நான் பெங்களூர்க் கல்லூரியில் டி.சி. வாங்கிக்கொண்டு, தருமபுரியில் ஒரு அரசுக் கல்லூரியில் இரண்டாம் வருடம் சேர்ந்தேன். அம்மாடி, அவ்வளவு பெரிய கல்லூரி. ஒரு மரத்தடியில் தெலுங்கு கேட்கும், அடுத்ததில் கன்னடம், மலையிலிருந்து வரும் பெண்கள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் முதல் வருடமே கூட்டு சேர்ந்தாயிற்று, நடுவில் வந்த நான் எதிலும் ஒட்டவில்லை. வீட்டில் தமிழ்தான், ஆனால் படித்தது கன்னடத்தில், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன்.

பெண்களை வேலைக்கு ஏற்றிப்போக எங்கள் ஊருக்கு ஓசூரிலிருந்து கம்பெனி வேன் வரும். "கஷ்டமா இருந்தா சொல்லிடு பாப்பா, கம்பெனிக்குப் போயிக்கலாம்" என்று அம்மா தினமும் சொல்வாள். வீட்டு நிலைமை அப்படி. ஒரு தடவை அந்த வேனில் ஏறினால் கல்லூரிக்குத் திரும்ப முடியாது என்று எனக்குத் தெரியும்.

சாயங்கால டவுன் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை, துப்பட்டா, டிபன் பை எல்லாம் உள்ளே பறக்கும். யாருடையது எங்கே விழுகிறதோ அந்த இடம் அவர்களுக்கு. இது தெரியாமல் முதல் நாள் ஒரு துப்பட்டாவை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன்பிறகு கம்பியைப் பிடித்து நின்றே போனேன்.

கொஞ்ச நாளில் ஜன்னலோரம் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கிடக்க ஆரம்பித்தது. "உக்காருங்க, உங்களுக்குத்தான் போட்டிருக்குது" என்றாள் எதிரில் இருந்த பெண். யார் போட்டது என்றால், அது தெலுங்குக்காரப் பொண்ணு என்றாள். தெலுங்குப் பெண்களிடம் கேட்டேன், எங்களோடது இல்லை, மலைப் பொண்ணு என்றார்கள். மலைப் பெண்களோ கன்னடக்காரர்களைக் கை காட்டினார்கள். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் அவள் தங்கள் ஆளில்லை. இத்தனை பேர் படிக்கிற இடத்தில் இது சகஜம் என்று விட்டுவிட்டேன். யாரோ ஒருத்தி என்னை நினைக்கிறாள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

பிறகு ஒருநாள் தமிழ் வகுப்பில் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். திக்கித் திணறினேன், வகுப்பே சிரித்தது. அவமானம் தாங்கவில்லை. நாளையிலிருந்து கம்பெனிதான் என்று முடிவு செய்துகொண்டு, அழுது வீங்கிய முகத்தோடு பஸ் ஏறினேன். வெள்ளைக் கைக்குட்டை கிடந்தது, உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு நெரிசலிலும் என் பக்கத்து இடம் காலியாக இருந்ததை அப்போது நான் யோசிக்கவில்லை.

கண்டக்டர் வந்தார். பெண்களுக்கு இலவச டிக்கெட்தான், ஆனாலும் கிழித்துக் கொடுப்பார்கள். எனக்கு இரண்டு கொடுத்தார்.

"ஒண்ணு போதுங்க."

"உங்கக்காவுக்கும்மா."

"எனக்கு அக்கா யாரும் இல்லைங்க."

அவர் பக்கத்து இடத்தைப் பார்த்தார், பின்னால் பார்த்தார். "தெனமும் முன்னாடியே ஏறி உனக்கு எடம் போடுமே, மூஞ்சிகூட உன்ன மாதிரியே இருக்கும். இப்பதான் இங்க உக்காந்து உன் முதுகத் தடவிக் குடுத்துட்டு இருந்துச்சு" என்றார்.

நம்பினால் நம்புங்கள், என் முதுகில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் என் அழுகை எப்போது நின்றது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கல்லூரியை விடப் போகிறேன் என்று சொல்லத்தான் அம்மாவிடம் போனேன், வாயில் வந்ததோ இந்தக் கதை. களி கிண்டிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அவ எங்க எறங்குனா?" என்றாள்.

எனக்குத் தெரியாது என்றேன். மறுநாள் காலையில் வேன் வந்தபோது தெருமுனைக்கு அவளே போய், "எம் பொண்ணு வரமாட்டா, படிக்கறா" என்று சொல்லி அனுப்பினாள். நானும் கல்லூரிக்குப் போனேன். அன்று சாயங்காலம் ஜன்னலோரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு யாரும் இடம் போடவில்லை.

இப்போது கடைசி வருடம். எனக்கு முன்னால் பிள்ளை ஏதும் பிறந்ததா என்று அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். நீ ஒருத்திதான் என்கிறாள். அப்பாவும் அதையேதான் சொல்கிறார். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஆனால் அன்றைக்கு அம்மா என்னிடம் அது யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே இறங்கினாள் என்றுதான் கேட்டாள்.