முப்பத்தொன்றாம் தேதி அறிவிப்பு இல்லை

கல்லூரி விடுதியில் அறிவிப்பு வாசிப்பவனுடைய தொழிலில், வாசிக்கப்படும் செய்தியைக் காட்டிலும் அது வாசிக்கப்படும் வரிசையே பேராபத்தானது. மணியடித்தும், சுற்றறிக்கை சுமந்தும், யாரோ எழுதிய வரிகளுக்காக யாரிடமோ வசவு வாங்கியும் காலந்தள்ளிய என் சக அட்டெண்டர்களே, பியூன்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பட்டவர்களோடு பகிர்ந்துகொண்டால் பாரம் குறையும் என்றே எழுதத் துணிந்தேன்.

நான் கார்வேட்டிநகரத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தமிழ் பள்ளியில் கிடைத்தது. தெலுங்கைப் பேருந்துப் பலகைகளிலும், தாலுகா கச்சேரிச் சுவரில் ஒட்டிய ஏல அறிவிப்புகளிலும் எழுத்துக்கூட்டி நானே ஈட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தைப் பழைய அகராதி ஒன்றின் துணையால் சுற்றறிக்கைகளிலிருந்து கறந்தேன். இம்மூன்றையும் நம்பியே சித்தூரிலிருந்த அச்சிறு கல்லூரியின் முதல்வர் எனக்கு வேலை கொடுத்தார். அவர் ஆங்கிலத்தில் எழுதித் தருவார். நான் அதைத் தெலுங்கிலும் தமிழிலும் பெயர்த்தெழுதி, விடுதி மாணவர்கள் மதிய உணவுக்கு அமர்ந்திருக்கும் வேளையில், சோற்றுக் குண்டானுக்குப் பக்கத்தில் நின்று உரக்க வாசிப்பேன். ஆந்திரம் தனி மாநிலமாகிச் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. திருத்தணி யாருக்கு, சித்தூர் யாருக்கு என்னும் வழக்கு இன்னும் தீராதிருந்தது.

முதல் வாசிப்பு

நான் வாசித்த முதல் அறிவிப்பு தண்ணீரைப் பற்றியது. தொட்டியில் நீர் குறைந்துவிட்டதால் ஒருவருக்கு ஒரு வாளி மட்டுமே என்பது அதன் சாரம். தெலுங்கில் முதலில் எழுதியிருந்தேன். ஆகவே தெலுங்கில் முதலில் வாசித்தேன். தமிழுக்கு வந்து இரண்டாம் வரியை முடிப்பதற்குள், கூடத்தின் இடப்புறம் அமர்ந்திருந்த நகரி, புத்தூர், திருத்தணிப் பையன்கள் இருபது பேரும் தையல் இலையை மடித்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

சாம்பாரில் பல்லி கிடந்ததோ என்று குண்டானை எட்டிப் பார்த்தேன். சமையற்காரரும் பார்த்தார். அதில் கத்தரிக்காயைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர்களில் முன்னால் நின்றவன் கஜேந்திரன். நகரியில் தறி நெய்யும் குடும்பத்துப் பிள்ளை, முதல் ஆண்டு மாணவன், பேச்சுப் போட்டிகளில் எவரையும் முந்தவிடாதவன். எச்சில் கையோடு என்னருகில் வந்து, கோபத்தைவிட வருத்தமே மிகுந்த குரலில் அவன் கேட்டான்:

"தண்ணி இல்லன்றதக்கூட எங்களுக்கு அப்புறமாத்தான் சொல்லுவியாண்ணா?"

ஒற்றையும் இரட்டையும்

மறுநாள் நியாயம் செய்வதாக எண்ணித் தமிழை முதலில் வாசித்தேன். வலப்புறத்தார் எழுந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் வெதுருகுப்பத்துச் சுப்பராமுலு. ஆள் நெடியவன், மாணவர் சங்கத் தேர்தலில் நிற்பதற்கென்றே கல்லூரியில் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொள்வார்கள். இலையை மடித்தான், கை கழுவினான், போனான். அவன் பின்னால் கூடத்தின் பாதி போயிற்று. இரண்டு நாளில் இரு தரப்பாரையும் பட்டினி போட்ட பெருமை எனக்கு வாய்த்தது.

வார்டனாக இருந்தவர் கணித ஆசிரியர். அவர் ஒரு வழி கண்டார். ஒற்றைப்படைத் தேதிகளில் தெலுங்கு முதலில், இரட்டைப்படைத் தேதிகளில் தமிழ் முதலில். சுப்பராமுலுவும் கஜேந்திரனும் அதன்கீழ்க் கையொப்பமிட்டார்கள். காகிதம் சமையலறைக் கதவில் ஒட்டப்பட்டது. இதற்கு மேல் ஒரு சிக்கலும் வரமுடியாது என்று வார்டன் சொன்னார், நானும் நம்பினேன். சமையற்காரர் மட்டும் நம்பவில்லை. காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"இனிமே நீ பஞ்சாங்கம் பாத்துட்டுதான் வாயத் தொறக்கணும், முனிரத்தினம்."

கஜேந்திரன் கண்ட ஓட்டை

ஒரு மாதத்தின் முப்பத்தொன்றாம் தேதி தெலுங்கை முதலில் வாசித்தேன். மறுநாள் ஒன்றாம் தேதி. அதுவும் ஒற்றைப்படையே. விதிப்படி மீண்டும் தெலுங்கை முதலில் வாசித்தேன். இடப்புறம் எழுந்தது.

கஜேந்திரன் ஒரு முழுத்தாளில் கணக்கெழுதி வைத்திருந்தான். ஆண்டில் ஏழு மாதங்களுக்கு முப்பத்தொரு நாள். ஆகவே ஆண்டுக்கு ஏழு முறை தமிழுக்கு அநீதி. நான்காண்டுக்கொருமுறை பிப்ரவரி இருபத்தொன்பதையும் சேர்த்தால் எட்டு. இதைக் கேட்ட கணித ஆசிரியர் முகம் வெளிறிப்போனார். தம் கணக்கில் ஒரு மாணவன், அதுவும் வரலாறு படிப்பவன், பிழை கண்டது அவருக்குத் தாங்கவில்லை. இரு தரப்பாரும் மூன்று நாள் பேசினார்கள். கடைசியில், பிப்ரவரியை வரும்போது பார்த்துக்கொள்வதென்று விட்டு, கஜேந்திரனே எழுதிக்கொடுத்த திருத்தம் கதவில் ஏறியது: முப்பத்தொன்றாம் தேதி எந்த மொழியிலும் அறிவிப்பு இல்லை.

அடுத்து வந்த முப்பத்தொன்றாம் தேதி முதல்வர், மறுநாள் விடுமுறை என்று எழுதி அனுப்பினார். நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குண்டானுக்குப் பக்கத்தில் ஊமையாக நின்றேன். என் பையில் காகிதம் துருத்திக்கொண்டிருப்பதை நாற்பது பேரும் பார்த்தார்கள். ஒருவனும் கேட்கவில்லை. மறுநாள் காலை நாற்பது பேரும் புத்தகத்தோடு போய்ப் பூட்டிய வகுப்பறைகளின் முன் வரிசையாக நின்றார்கள். சென்னையில் படித்துத் தமிழ் நன்கு பேசக்கூடிய எங்கள் முதல்வர், தம் வீட்டு மாடியிலிருந்து அந்தக் காட்சியைக் கண்டு இறங்கி வந்து என்னிடம் சொன்னார்:

"லீவே வேணாம்னு நிக்கிற பசங்கள நான் இந்த ஒரு காலேஜ்லதான் பாத்தேன்."

ஒன்பது பேர்

பிறகு எல்லை முடிவாயிற்று. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. சித்தூரும் நகரியும் புத்தூரும் ஆந்திரத்தோடு நின்றன. திருத்தணி போய்விட்டதென்று சுப்பராமுலு தாடி வளர்த்தான். சித்தூர் போய்விட்டதென்று கஜேந்திரன் இரண்டு வேளை உண்ணாதிருந்தான். ஒரே தீர்ப்பில் இரு கட்சிக்காரரும் தோற்ற வழக்கை அதற்குமுன் நான் கண்டதில்லை. அன்று வெராந்தாவில் இருவருக்கும் வாய்த்தகராறு முற்றியது. அதன்பின் அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

புதுக் கல்வியாண்டு பிறந்ததும் திருத்தணிப் பையன்கள் டி.சி. வாங்கிக்கொண்டு வேலூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்போர் பட்டியலை எடுத்துப் பார்த்த தமிழ் வித்துவானுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. குடுபல்லியிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவனையும் கூட்டி ஒன்பது பெயர். பத்துப் பேர் இல்லாத மொழி வகுப்பை நடத்தக்கூடாதென்பது திருப்பதி மேலலுவலகத்தின் விதி. வகுப்பு மூடப்பட்டால் ஒன்பது பேரும் தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும், அல்லது ஊரைவிட்டு வேறு கல்லூரி தேட வேண்டும். கஜேந்திரனுக்கு இரண்டும் இயலாது. இந்த ஆண்டு தவறினால் தறியில் உட்கார் என்று அவன் நைனா சொல்லியனுப்பியிருந்தார். வித்துவானுக்கோ வேலையே போய்விடும். அவர் வீடு திருத்தணியில். என்னைத் தனியே அழைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:

"ஊடு அந்தப் பக்கம் போயிட்டுது, வேலை இந்தப் பக்கம் நிக்குது. ஒரே ஒரு ஆளு கெடச்சா நானும் நிப்பேன், முனிரத்தினம்."

ஜூலை முப்பத்தொன்று

அன்று காலைத் தபாலில் திருப்பதியிலிருந்து கடிதம் வந்தது. பத்தாவது பெயரைச் சேர்க்க மாலை அலுவலகம் மூடும்வரை தவணை. புதிதாகச் சேர்ந்த மாணவர்களும், இரண்டாம் மொழித் தேர்வில் தோற்று மீண்டும் எழுதுபவர்களும் மட்டுமே மொழியை மாற்றிக்கொள்ளலாம். வேறெவரும் பெயர் கொடுக்க இயலாது. முதல்வர் அதை அறிவிப்பாக எழுதி, மதிய உணவின்போது வாசித்துவிட்டு, பெயர் கிடைத்தால் இரண்டு மணி பஸ்ஸில் நானே திருப்பதிக்கு எடுத்துச் செல்லுமாறு கட்டளையிட்டார். இரு மொழியிலும் எழுதி முடித்து, தேதி போடப் பேனாவைக் கொண்டுபோனபோதுதான் அன்று முப்பத்தொன்று என்பது எனக்கு உறைத்தது.

கூடத்துக்குப் போனேன். குண்டானுக்குப் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. கஜேந்திரன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து காகிதத்தை வாங்கிப் படித்தான். கதவில் ஒட்டியிருந்த தன் கையெழுத்தையே ஒருமுறை திரும்பிப் பார்த்தான். இருவர் கையொப்பமிட்ட விதியை ஒருவன் மீறமுடியாது. சோறு காய்ந்த கையோடு அவன் கூடத்தைக் குறுக்கே கடந்து, ஆறு மாதமாகப் பேசாதிருந்த சுப்பராமுலுவின் இலைக்கு முன்னால் போய் நின்றான். இன்று ஒரு நாள் மட்டும் வாசிக்க விடு என்று கேட்டான். சுப்பராமுலு நிமிராமல், சரி, ஆனால் ஒற்றைத் தேதி, தெலுங்கு முதலில் என்றான். கஜேந்திரன் தலையசைத்தான்.

வாசித்தேன். தெலுங்கில் முடித்தபோது வலப்புறத்தில் ஒருவரும் அசையவில்லை. தமிழில் முடித்தபோது இடப்புறத்தில் ஒன்பது பேரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோர் ஊற்றிக்கொண்டிருந்த சமையற்காரர்கூட நின்றுவிட்டார். அப்போது சுப்பராமுலு எழுந்து, தன் பெயரை எழுதச் சொன்னான். அவன் புதிதாகச் சேர்ந்தவன் அல்லன். பொருளாதாரத்தில் மதிப்பெண் போதவில்லையென்று மீண்டும் படிக்கிறான் என்றே விடுதி முழுவதும் நம்பியிருந்தது. தேர்தலில் தெலுங்குக்காகத் தொண்டை கிழியப் பேசி வென்றவன் அவன். விதி உனக்குப் பொருந்தாதே என்று தயங்கினேன். பொருந்தும், எழுது என்றான். தமிழ் வருமா என்று கேட்டேன். இத்தனை ஆண்டாக ஒவ்வொரு செய்தியையும் இரண்டு முறை கேட்டபடி சாப்பிட்டவனுக்கு வராமல் எங்கே போகும் என்று என்னையே திருப்பிக் கேட்டான். அவனருகிலிருந்த தோழன் ஒருவன் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து, என்னடா உளறுகிறாய் என்று தெலுங்கில் கிசுகிசுத்தான். சுப்பராமுலு வேட்டியை விடுவித்துக்கொண்டு, கூடம் முழுவதும் கேட்கும்படி தமிழிலேயே சொன்னான்:

"தெலுங்குல ரெண்டு தடவ பெயிலாயிட்டேன். தமிழ்லயும் ஒரு தடவ பெயிலாயி பாக்கறேன், எழுதிக்கோண்ணா."

முடிவு வந்த நாள்

இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன், வகுப்பு நிலைத்தது, வித்துவான் நின்றார். அந்த ஆண்டு முழுவதும் கஜேந்திரன் சுப்பராமுலுவைச் சாப்பாட்டுக் கூடத்தின் கோடியில் உட்காரவைத்து எழுத்தும் இலக்கணமும் புகட்டினான். இருவரும் போட்ட சண்டைக்கு எல்லைச் சண்டையே மேல். மாணவர் சங்கத் தேர்தல் மீண்டும் வந்தது. தெலுங்கில் தோற்றவனுக்குத் தெலுங்கர் ஓட்டு எதற்கு என்று எதிர்க்கட்சியார் சுவரில் எழுதினார்கள். சுப்பராமுலு தோற்றான். அந்தத் தோல்வியை அவன் எவரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

தேர்வு முடிவு திருப்பதியிலிருந்து வந்த தேதியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்: மே முப்பத்தொன்று. முடிவு பார்க்கவென்று ஊரிலிருந்து வந்தவர்கள் சாப்பாட்டுக்கு அமர்ந்திருந்தார்கள். தாள் என் கையில் இருந்தது. தமிழில் பத்துப் பேரும் தேறியிருந்தார்கள். சுப்பராமுலு வேண்டியதைவிட இரண்டே மதிப்பெண் மிகுதியாக. நான் விதியைத் தூக்கியெறிந்துவிட்டு வாயைத் திறந்தேன். சுப்பராமுலு சோற்றுக் கையை உயர்த்தித் தடுத்துவிட்டான். நாளைக்கே வாசி, இன்று ஒரு நாளாவது தேறியவனைப்போல் தூங்கிக்கொள்கிறேன் என்றான். உன் பயம் வீண் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. சொன்னால் அதுவும் அறிவிப்பாகிவிடும்.

மறுநாள் ஜூன் ஒன்று, ஒற்றைப்படை. தெலுங்கில் முதலில் வாசித்தேன். சுப்பராமுலுவின் பெயர் வந்ததும் வலப்புறம் கைதட்டிற்று. அவன் இலையின்மேல் குனிந்துகொண்டான். நிமிர வெகுநேரம் பிடித்தது. நான் தமிழ்த்தாளைப் புரட்டுவதற்குள் இடப்புறத்திலிருந்து கஜேந்திரன் எழுந்துவிட்டான். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, முறையிடும் குரலை மட்டும் விடாமல் அவன் கேட்டான்:

"அவன் தமிழ்ல பாஸானதக்கூட எங்களுக்கு அப்புறமாத்தான் சொல்லுவியாண்ணா?"

பெரியவர்கள் வரைபடத்தில் கிழித்த எல்லை சில ஆண்டுகளில் ஆறிப்போயிற்று. எங்கள் சாப்பாட்டுக் கூடத்து எல்லை மட்டும், நான் ஓய்வு பெறும்வரை, ஆண்டுக்கு ஏழு முறை நாட்காட்டியில் தவறாமல் வந்துகொண்டிருந்தது.