அக்காவுக்காகப் போட்ட தர்பூசணி

திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் பழக்காரர் ஒரு தர்பூசணியைத் தட்டிப் பார்த்தார். அந்த மந்தமான சத்தம் என்னை எங்கள் வீட்டுக் கொல்லைக்கே கொண்டுபோய்விட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. அக்கா ஐந்து மாதக் கர்ப்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாள். தர்பூசணி என்றால் அவளுக்கு உயிர்.

அப்பா இரண்டு விதைப் பாக்கெட்டுகளைக் காட்டினார். "வரி போட்டது பெருசா வரும், ஆனா நாளாகும். கருப்பு சின்னதுதான், சீக்கிரம் பழுத்துடும். எதைம்மா போடட்டும்?"

"கருப்பே போடுங்கப்பா. குழந்தை பொறக்குறதுக்குள்ள ஆசை தீர சாப்பிட்டுடணும்" என்று அக்கா சிரித்தாள்.

போர் தண்ணீர் உப்பு. அதனால் அப்பா தினமும் வாய்க்காலிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். காய்கள் மண்ணில் பட்டு அழுகாமலிருக்க அடியில் வைக்கோல் வைத்தார்.

ஏழாம் மாதமே வலி வந்தது. குழந்தை இறந்து பிறந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைக் கூட்டி வந்தபோது கொல்லை முழுக்கப் பழமாகக் கிடந்தது. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒருநாள் அக்காவே ஒன்றைப் பறித்து வந்து, வெட்டி, விதைகளைக்கூடத் துப்பாமல் தின்றாள்.

"நல்லா இனிக்குதுப்பா" என்றாள்.

அன்றைக்கே அப்பா எல்லாக் கொடிகளையும் வேரோடு பிடுங்கிப் போட்டார்.

அதற்கப்புறம் அக்காவுக்குக் குழந்தையே தங்கவில்லை. பழக்காரர் நீட்டிய துண்டை வாங்க எனக்குக் கை எழவில்லை.