வாடைக்கு இரைஞ்ச படம்

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு மூண்டு மாதம் போனனான், பிறகு அம்மாவுக்குப் பிள்ளை பிறந்திட்டுது, ஏணை ஆட்ட என்னை மறிச்சுப்போட்டினம். அந்த மூண்டு மாதமும் எனக்குப் பக்கத்திலை இருந்தவள்தான் பேந்து என்ரை மகளுக்கு ரீச்சரா வந்தவ. இது நான் அவவைப் பழிவாங்கின கதை. சொல்ல எனக்கு இப்பவும் வாய் இனிக்குது.

மகள் அப்ப நாலாம் வகுப்பு. வகுப்புச் சுவரிலை தூக்க ஆளுக்கொரு படம் செய்து கொண்டு வாங்கோ எண்டு ரீச்சர் சொன்னவ. இப்ப போஸ்டர் எண்டுறியள், அப்ப எங்களுக்கு மட்டைப் படம். முதல் படம் கடல் மீன். எங்கடை வீட்டிலை மீனுக்கென்ன குறை. கடையிலை கெஞ்சி ஒரு பிஸ்கற் பெட்டி வாங்கி மட்டையைப் பிரிச்சு, உடுப்புக்குப் போடுற நீலத்தைக் கரைச்சுக் கடல் பூசினன். கொடுவா மீன்ரை செதிலை மூண்டு தண்ணியிலை கழுவிக் காயவைச்சுக் கஞ்சிப் பசையாலை ஒண்டொண்டா ஒட்டினனான். கொடுவாச் செதில்தான் பெரிசு. பாரைச் செதில் பொடி, ஒட்டுறதுக்குள்ளை காத்திலை போயிடும். வெய்யிலிலை பிடிச்சால் கண் கூசும். என்ரை மனுசன் கடலாலை வந்து, பசியோடை வந்த மனுசன், சோத்தையும் கேக்காமல் நிண்டு பார்த்தவர்.

படம் அடுத்த நாளே திரும்பி வந்திட்டுது. கீழை சிவப்பு மையாலை நீட்டுக்கு எழுதியிருந்தது. என்ன பிள்ளை எழுதியிருக்கு எண்டு மகளைக் கேட்டன். "நல்ல வடிவெண்டு எழுதியிருக்கணை," எண்டாள், முகத்தை அங்காலை திருப்பிக்கொண்டு. நான் அதைக் கொண்டுபோய் வாசல் கதவுக்கு மேலை தூக்கினனான். போற வாற சனத்தையெல்லாம் கூப்பிட்டு, ரீச்சர் எழுதித் தந்ததைப் பாருங்கோ எண்டு காட்டினனான். பார்த்த சனமெல்லாம் ஓம் ஓம் எண்டிட்டுப் போட்டுது. எட்டு நாள் அப்பிடித் தூங்கினது.

ஒன்பதாம் நாள், நீர்வேலியிலையிருந்து சைக்கிளிலை வாழைக்குலை கொண்டந்து தந்திட்டுக் கருவாடு கொண்டுபோற மனுசன் வந்தவர். நல்ல மனுசன், ஆனால் எதையும் வாய்விட்டுத்தான் வாசிப்பார். "மீன் நாற்றம். வகுப்பில் தூக்க முடியாது. எழுத்தறியாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம்." வாசிச்சு முடிய அவருக்கே வேர்த்துப் போச்சு. குலையை இறக்கி வைச்சிட்டுக் கருவாட்டையும் எடுக்காமல் சைக்கிளை உருட்டினார்.

மகளை நான் ஏசேல்லை. என்ரை முகம் வாடக்கூடாதெண்டுதானே பிள்ளை பொய் சொன்னது. ரீச்சரிட்டைச் சண்டைக்கும் போகேல்லை. போனால் பிள்ளையைத்தான் எல்லாருக்கும் பின்னாலை, கடைசி வாங்கிலை இருத்துவா. படத்தைக் கழட்டி றங்குப் பெட்டிக்குள்ளை வைச்சிட்டுப் பொறுத்திருந்தன்.

தைப்பொங்கல் முடிஞ்சுது. பெடியள் பட்டம் கட்டி விட்டு, வீடு முழுக்க ரிசுப் பேப்பரும் கமுகஞ்சிலாகையும் மிஞ்சிக் கிடந்தது. அப்பதான் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வித்தியாதிகாரி வரப்போறார், எல்லாரும் புதுப் படம் செய்யுங்கோ எண்டு சொல்லியிருக்கினம். மகளுக்குக் கிடைச்சது காத்துத் திசையள். கேட்டவுடனை எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

ஏனெண்டால் எனக்கு இரண்டு விசயம் தெரியும். ஒண்டு, ரீச்சர் இருக்கிற கதிரை கடல்பக்க அரைச்சுவரோடை. பத்து மணிக்கு வாடைக்காத்து எழும்பினால் அவவின்ரை பிடரியிலைதான் அடிக்கும். மற்றது, நாங்கள் சேர்ந்து படிச்ச அந்த மூண்டு மாதத்திலை ஒருநாள் அவவுக்குக் குளவி குத்தினது. வீங்கின கன்னத்துக்குச் சுண்ணாம்பு பூசினதும் நான்தான். அதுக்குப் பிறகு இலையான் இரைஞ்சாலும் எழும்பி ஓடுவா.

மட்டையிலை நாலு பக்கமும் நாலு தோணி ஒட்டினன். பாய் ரிசுப் பேப்பர்: சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா. காத்துக்கு ஆடத்தக்கதா ஒரு கரையை மட்டும் ஒட்டினனான். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எண்டு நாலு காத்தின்ரை பேரையும் மகள் எழுதினாள். பின்பக்கத்திலை விண் கட்டினன். விண் எண்டால், சிலாகையை வில்லா வளைச்சுப் பனைநாரை இழுத்துக் கட்டுறது, காத்துப் பட்டால் கூவும். பட்டத்துக்கு நாரை அகலமா வைப்பினம். நான் மீன் வெட்டுற கத்தியாலை மெல்லிசாச் சீவி, சரியாக் குளவி மாதிரி இரையுமட்டும் கட்டிக் கட்டி அவிட்டனான். செதில் ஒண்டும் ஒட்டேல்லை. மணக்க விடுவனே.

அதிகாரி வாற அண்டு விடியத்தான், காத்துப் படுற இடத்திலை தூக்கவேணுமாம் எண்டு சொல்லச் சொல்லி மகளைப் படத்தோடை அனுப்பினன். பெரிய வாத்தியார் படத்தைக் கண்டு ஆசைப்பட்டு, அதைத் தானே நிண்டு ரீச்சரின்ரை கதிரைக்கு மேலை, கூரை வளையிலை கட்டுவிச்சவர். பிறகு நான் கருவாட்டுப் பாயைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்து அரைச்சுவருக்குக் கிட்ட விரிச்சிட்டு அங்கையே காவல் இருந்தனான். நல்லா மணக்கட்டும் எண்டுதான்.

அதிகாரி உள்ளுக்கை வந்து இருந்தார். ரீச்சர் நல்ல சீலை உடுத்திக்கொண்டு பாடம் தொடங்கினா. வாடை எழும்பிச்சுது. முதல் பாய் நாலும் படபடவெண்டு ஆடிச்சுது. பிறகு மெல்ல இரையத் தொடங்கிச்சுது. ரீச்சர் பிடரியைத் தட்டினா. காத்து இன்னும் கொஞ்சம் ஏறிச்சுது. அவ சீலைத் தலைப்பாலை முகத்தை மூடிக்கொண்டு மேசைக்குக் கீழை போயிட்டா. சத்தியமா, மேசைக்குக் கீழை. பிள்ளையளுக்கு அது விண் எண்டு விளங்கிட்டுது. ஒண்டும் வாய் திறக்கேல்லை.

அதிகாரி எழும்பிப்போய்ப் படத்தைப் பிரட்டிப் பார்த்திட்டு வயிறு குலுங்கச் சிரிச்சார். ஆர் செய்தது எண்டு கேட்டார். என்ரை மகள் எழும்பி அரைச்சுவருக்கு அங்காலை கையைக் காட்டினாள். அவர் சட்டைப் பையிலையிருந்து பேனையை எடுத்துப் படத்துக்குக் கீழை என்னவோ எழுதிப்போட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிட்டு மற்ற வகுப்புக்குப் போனார்.

நான் கையைச் சீலையிலை துடைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போனன். ரீச்சர் அப்பதான் கதிரையிலை ஏறி இருந்தவ.

"ரீச்சர், எனக்கு எழுத்துத் தெரியாது. அதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசியுங்கோ."

அவ என்னைப் பார்க்காமல் வாசிச்சா. "இதைச் செய்த கைக்கு என் வணக்கம். எல்லா வகுப்பாரும் வந்து பார்க்க வேண்டும்."

"கேக்கேல்லை ரீச்சர். காத்து இரையுது."

திரும்பவும் வாசிச்சா. அந்த வகுப்பிலை ரீச்சர் எதையும் இரண்டாந்தரம் வாசிச்சால் பிள்ளையள் சேர்ந்து சொல்லவேணும், அது பழக்கம். அத்தினை பிள்ளையளும் ஒரே குரலிலை, இதைச் செய்த கைக்கு என் வணக்கம் எண்டு கத்திச்சுதுகள். என்ரை மகளின்ரை குரல்தான் எல்லாத்துக்கும் மேலை.

ரீச்சர் எனக்குக் கிட்டக் குனிஞ்சா. "எடி, காணுமடி, விடடி," எண்டா, மெல்லமா.

என்னைப் பள்ளிக்கூடத்தாலை மறிச்ச பிறகு அவ என்னை எடி எண்டு கூப்பிட்டது அண்டைக்குத்தான். எனக்குக் கொஞ்சம் மனம் இளகினதுதான். கொஞ்சந்தான்.

"இன்னொருக்கா வாசியுங்கோ ரீச்சர்," எண்டன். "உங்கடை சிவப்பெழுத்தை நான் எட்டு நாள் வாசலிலை தூக்கி வைச்சிருந்தனான்."

அவவுக்கு விளங்கிட்டுது. மூண்டாந்தரமும் வாசிச்சா. எட்டுத்தரம் வாசிப்பிக்கத்தான் எனக்கு ஆசை. காகம் வந்து கருவாட்டிலை இறங்கிட்டுது, கலைக்கப் போயிட்டன்.