ஈர மேடும் மச்சினனும்

குளியலறை வாசலில் ஈரக்காலோடு நின்று துணி அலமாரியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார் ரயில் டீசல் இன்ஜின் ஓட்டுநர். அலமாரி அசையவில்லை, கால்தான் வழுக்குகிறது. "பாத்தியா? பலம் இருந்து என்ன பிரயோஜனம்? பிடிமானம் வேணும்ல? வழுக்கினா கொஞ்சம் தளர்த்தி, அப்புறம் பதமா அழுத்தணும். அதான் நம்ம டிசி மோட்டார் இன்ஜின்!" அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறார். "அலமாரிய நகத்தத்தானே சொன்னேன். பாடம் யாரு கேட்டா?"

எங்கே போனாலும் இதே பேச்சுதான். சக்கரம் வழுக்கப்போவதை இருக்கையின் நடுக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கை தானாக விசையைக் குறைக்கும். கால் மிதியை அழுத்தித் தண்டவாளத்தில் மணலைத் தூவும். உதவி ஓட்டுநராகப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை வாயைப் பிளந்திருக்கிறேன். விசைக் கைப்பிடியைத் துடைக்கத் தனியாக ஒரு துணி வைத்திருக்கிறார். அதை நான் தொட்டால் போச்சு.

அவருக்கு வாய்த்த மச்சினனோ மாறுமின்னோட்டத்தில் ஓடும் புது ஏசி மோட்டார் இன்ஜின்களை ஓட்டப் பயிற்சி கொடுப்பவன். "மாமா, அதுல வழுக்கலை கம்ப்யூட்டரே பாத்துக்கும். முழு விசையில நடை வேகத்துல ஊர்ந்தாலும் மோட்டார் கருகாது. நீங்க சும்மா இருந்தா போதும்."

"சும்மா இருக்கறதுக்கா சம்பளம்?" என்பார் இவர்.

போன வாரம் நல்ல மழை. வழக்கமாக மூன்று டிசி இன்ஜின்கள் இழுக்கும் நிலக்கரி வண்டிக்கு இரண்டே இரண்டு ஏசி இன்ஜின்கள். ஓட்டுவது இவர், பின்னால் நின்று சொல்லிக்கொடுப்பது மச்சினன். வழியில் இருக்கும் மேட்டில் வண்டி நின்றுவிட்டால் வேறு இன்ஜின் வந்து தள்ள வேண்டும். மச்சினன் எதிரிலேயே மானம் கப்பலேறிவிடும்.

பாதி மேட்டில் இருக்கை லேசாக நடுங்கியது. அவ்வளவுதான், கை விசையைக் குறைத்துவிட்டது. வேகம் விழுந்தது.

"குறைக்காதீங்க மாமா!"

ஏற்றினார். மறுபடி நடுக்கம், மறுபடி குறைத்தார். வண்டி இப்போது நடப்பவனைவிட மெதுவாகப் போனது.

"தெரியுதுடா. கை கேக்க மாட்டேங்குதே!"

கைப்பிடியைக் கடைசிவரை தள்ளினார். பிறகு அந்தக் கையைப் பின்னால் நீட்டினார். "பிடிச்சுக்க மாப்ள. நான் இழுத்தாலும் விட்டுடாத."

மச்சினன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான், இவரும் அவன் கையை இறுக்கிக்கொண்டார். சக்கரங்கள் முனகின. இருக்கை நடுங்கியது. வண்டி நிற்கவில்லை, எறும்பாய் ஊர்ந்து உச்சியை எட்டியது. எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது.

"ஏறியாச்சு மாமா, கையை விடுங்க."

அவர் விடவில்லை. பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், பிடித்திருந்த கையை அப்படியே மேலும் கீழும் குலுக்கினார்.