காந்திமதி கண்டுபிடித்த சம்பிரதாயம்

கோலியனூர்க் காந்திமதியைக் கல்யாணத்துக்கு அழைக்க மறந்தவர்கள் உண்டு. அவளுடைய வெள்ளை அம்பாசிடரை அழைக்க மறந்தவர்கள், போன வருஷம் வரை, சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லை. அந்த வண்டியின் பின்சீட்டில் பட்டுப்புடவை கசங்காமல் ஒரு பெண் உட்காரலாம். அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு அத்தைகள் உட்கார்ந்து சௌகரியமாகச் சண்டையும் போடலாம்.

வண்டியை வாங்கியது கணவர் சீனுவாசன். ஓட்டுவது காந்திமதி. சீனுவாசன் இரண்டாவது முறையாகக் காரைக் கரும்புக்கொல்லைக்குள் இறக்கிய அன்று, அவள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்றுவரை திருப்பித் தரவில்லை. அவர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் கொல்லையோடு நிம்மதியாக இருக்கிறார்.

இந்த வருஷம் தொல்லை முகப்பூச்சு வடிவத்தில் வந்தது. புதுச்சேரியிலிருந்து வரும் மேக்கப் பெண்கள் மணப்பெண்ணின் முகத்தில் அரை நாள் வேலை செய்துவிட்டு, “ஏசி இல்லாத வண்டியில ஏத்துனா நாங்க பொறுப்பில்ல” என்று கைகழுவினார்கள். விழுப்புரம் நெடுஞ்செழியன் நீளமான புதுக் கார் ஒன்றைக் கல்யாணங்களுக்கு விட ஆரம்பித்தான். விட்டதோடு நிற்கவில்லை.

“யக்கா, உன் வண்டியில வர்ற பொண்ணு எறங்கும்போது மூஞ்சி சீட்லயே ஒட்டிக்கினு இருக்குதாமே. மாப்ள சீட்டுக்குத்தான் தாலி கட்டணும்.”

காந்திமதி வயிறு குலுங்கச் சிரித்தாள். நல்ல கேலிக்குச் சிரிக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. கோபம் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

வளவனூரில் இருக்கும் கல்யாண மண்டபத்தின் மேனேஜர் செல்வகுமார் கேலி பேசாதவர். அதனால் அவர் சொன்னது இன்னும் உறைத்தது. “ஆவணியில ஒரு பொண்ணழைப்பு இருக்குதுக்கா. ஏசி போட்டு எடுத்துக்கினு வாங்க. நல்லபடியா வந்து சேந்துட்டா இனிமே மண்டபத்து வண்டி உங்களுதுதான். வழியில மூச்சு வாங்குச்சுன்னா நெடுஞ்செழியன் வண்டிதான். தப்பா எடுத்துக்காதீங்க.”

மறுநாளே அவள் திண்டிவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பைபாஸ் ஓரம் கார் ஏசி வேலை செய்யும் தேவசகாயம், பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

“இதுக்கே இது மூச்சு வாங்குதும்மா. இதுமேல ஏசிய வேற ஏத்துனா படுத்துக்கும். மொதல்ல ரேடியேட்டர மாத்தணும்.”

பழைய ரேடியேட்டர் கழன்றது. புது மாடல் கார்களுக்கு வரும் அலுமினிய ரேடியேட்டர் வந்தது. ஏசியின் கண்டென்சருக்கு இடம் பார்க்க, தேவசகாயம் அதே அளவில் ஓர் அட்டையை வெட்டி, காரின் முகத்துக்கு நேராக வைத்து வைத்துப் பார்த்தார். கண்ணாடிக்கடையில் ஃபிரேம் பொருத்திப் பார்ப்பதுபோல இருந்தது. அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் இரும்புப் பட்டைகளை வெட்டினார்.

“இது எதுக்குண்ணே, முன்னாடி?”

“உள்ள இருக்குற சூட்டையெல்லாம் ஏசி எடுத்துக்கினு வந்து இதுலதாம்மா கொட்டும். காத்து பட்டா ஆறும். அதே காத்துதான் பின்னாடி ரேடியேட்டருக்கும் போவணும்.”

“உள்ள இருக்குற சூட்டையெல்லாம் எடுத்துக்கினு வந்து முன்வாசல்ல கொட்டுதா? எங்க நாத்தனார் மாதிரி.”

தேவசகாயம் சிரிக்காமல் இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன்களைப் பொருத்தினார். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். “வண்டி மூஞ்சிய மறைக்கிற மாதிரி எதையும் கட்டிடாதம்மா. காத்து போவணும்.”

அவள் சொன்ன பேச்சைக் கேட்டாள். முன்னால் இருந்த கூடுதல் விளக்கைக் கழற்றினாள். ஓட்டுநர் சங்கப் பலகையைக் கழற்றினாள். எலுமிச்சை மிளகாயைக்கூட அவிழ்த்துப் பின்பக்கம் கட்டினாள். கண்ணேறு பின்னாலிருந்தும் வரக்கூடியதுதானே. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை, என்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. விக்கிரவாண்டிக்கு முன்பே அவள் முந்தானையைக் காதைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். ஏசியை மட்டும் குறைக்கவில்லை.

பெண்ணழைப்பு அன்று வண்டி ஜோடிக்க வந்த பூக்காரன் பூவரசன், “முன்னாடி எப்டிக்கா போடட்டும்?” என்று கேட்டான்.

“பாத்தா நெடுஞ்செழியனுக்கு ஒரு வாரம் சோறு எறங்கக் கூடாது.”

பூவரசன் சாமந்திச் சரங்களை இடைவெளி தெரியாமல் அடுக்கி, முகம் முழுக்கத் திரைபோல இறக்கினான். நடுவே ரோஜாவில் இரண்டு இதயங்கள். காந்திமதி தள்ளி நின்று பார்த்துப் பூரித்தாள். பலகை காற்றை மறைக்கும், விளக்கு மறைக்கும். பூ மறைக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஐந்து மணிக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் பேண்டு வாத்தியம், அதன் பின்னால் ஆட்டம், அதன் பின்னால் நடை வேகத்தில் அம்பாசிடர். உள்ளே மணப்பெண் கலைமதி, பொம்மைபோல அசையாமல். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்செழியனின் கார் ஒட்டினாற்போல் வந்தது.

பால் பூத்தைத் தாண்டியதும் ஏசிக் காற்றில் குளிர்ச்சி போய்விட்டது. சூட்டு முள் நடுக்கோட்டைக் கடந்து ஏறியது. அப்போது ஒரு வாசனை வந்தது. சாமந்தி வேகும் வாசனை. காந்திமதிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தாள். கலைமதியின் காதோரம் ஒரு துளி வியர்வை, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து நெடுஞ்செழியன் தலையை நீட்டினான். “யக்கா, ஆவி வர்ற மாதிரி இருக்குது. பொண்ண ஜல்தியா இங்க மாத்திடலாமா?”

பெண் வண்டியின் பூவை நடுத்தெருவில் பிய்த்தால் அபசகுனம் என்பார்கள். பிய்க்காவிட்டால் இன்னும் நூறடியில் வண்டி நிற்கும். மண்டபத்து வாசலில் செல்வகுமார் காத்திருப்பார். காந்திமதி ஏசியை அணைத்து, என்ஜினை ஓடவிட்டு, வண்டியை ஓரங்கட்டினாள். இறங்கிப்போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சிங்க யாரு?”

பின் காரிலிருந்து மூத்த அக்கா கிருஷ்ணவேணி இறங்கினாள். பெண் வண்டியில் இடம் கிடைக்காததில் அவள் ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். “நான்தான். இன்னா?”

“இன்னாவா? நாத்தனாருங்க பூ எடுக்காம வண்டி மண்டபத்துக்குப் போவுதே. உங்க வீட்ல யாரும் சொல்லலயா?”

“இன்னா பூ?”

“பொண்ணு வண்டி மூஞ்சியில இருக்குற பூவ நாத்தனாருங்க பறிச்சித் தலையில வச்சிக்கணும். அப்பத்தான் பொண்ணுக்கும் நாத்தனாருக்கும் கடைசி வரைக்கும் சண்ட வராது.” கொஞ்சம் நிறுத்தி, இரக்கத்தோடு கேட்டாள். “உங்க பக்கம் இந்த மொறையெல்லாம் இல்லீங்களா?”

பெண் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க பக்கம் இல்லாம என்ன?” என்றாள் கிருஷ்ணவேணி. “நீங்க எங்க நிறுத்துறீங்கன்னுதான் பாத்துக்கினு இருந்தோம்.”

அடுத்த நிமிஷம் அக்கா, தங்கை, ஒன்றுவிட்ட தங்கைகள் எல்லோரும் வண்டியை மொய்த்தார்கள். முறையில்லாத இரண்டு பேரும் கூட்டத்தில் புகுந்து பறித்தார்கள். ரோஜா இதயம் ஒன்றுக்கு இழுபறி நடந்தது. சாமந்தித் திரை காணாமல் போக, உள்ளே ஃபேன்கள் பெருமூச்சு விட்டுச் சுழன்றன. பேண்டுக்காரர்கள் அது ஏதோ முக்கியமான சடங்கு என்று எண்ணி உச்சத்தில் வாசித்தார்கள். வாசிப்பு முடிவதற்குள் முள் இறங்கிவிட்டது. காந்திமதி ஏசியைத் திரும்பப் போட்டாள்.

மண்டபத்தில் கலைமதி இறங்கியபோது, பூசியது பூசியபடி இருந்தது. செல்வகுமார் அதைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தலையசைத்தார்.

நெடுஞ்செழியன்தான் விடவில்லை. “இந்த மொற எந்த ஊர்லக்கா இருக்குது?”

“உங்கம்மாவப் போயிக் கேளு தம்பி.”

அவன் உண்மையிலேயே கேட்டான். தனக்குத் தெரியாத முறை ஒன்று உண்டென்று ஒப்புக்கொள்ள அந்த அம்மாளுக்கு மனம் வரவில்லை. “எங்க காலத்துல மாட்டு வண்டியிலயே பறிச்சோம்டா” என்றுவிட்டார்.

அடுத்த முகூர்த்தத்துக்குக் காந்திமதி பூவரசனிடம், முன்பக்கம் ஒரு பூகூடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வண்டி கோயில் வாசலுக்குப் போய் நின்றதும் மாப்பிள்ளையின் அத்தை மறித்துக்கொண்டார்.

“இன்னாம்மா, மூஞ்சி மொட்டையா இருக்குது? நாத்தனாருங்க எதப் பறிப்பாங்க?”

நாத்தனார்கள் கூடையோடு வந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் முழுத் திரையும் கட்டப்பட்டது. மண்டபத்துக்குக் கிட்டே போய்த்தான் பறிப்போம் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்ததால், காந்திமதி பாதி வழி ஏசியை அணைத்துக்கொண்டு, முள்ளையும் பெண்ணின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினாள்.

மறுநாள் திண்டிவனத்தில் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, தேவசகாயம் சிரித்துச் சிரித்து ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வழி சொன்னார்.

“ரொம்ப சுளுவும்மா. கோயில் வாசல்லயே, கெளம்பும்போதே பறிச்சிடணும்னு சொல்லிடு. நீ சொன்ன மொறதானே, நீயே மாத்திடு.”

காந்திமதி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“பெரியவங்க வச்ச மொறண்ணே அது. நான் எப்டி மாத்துறது?”

தேவசகாயம் எழுந்துபோய் ஓர் அட்டையைத் தேடி எடுத்து, மூன்றாவது ஃபேனுக்கு இடம் இருக்கிறதா என்று வண்டியின் முகத்தில் வைத்துப் பார்த்தார்.