இரண்டு இனிஷியல், ஒரே ஆள்

தருமபுரி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துதான் அந்த வேலையைச் செய்தேன். கல்லூரிகள் தங்கள் ஆய்வுக் கட்டுரைகளைத் தனித்தனி இணையக் களஞ்சியங்களில் போட்டு வைத்திருக்கின்றன. எதை யார் எழுதினார் என்று பிரித்து, ஆளுக்கொரு எண் கொடுக்க வேண்டும். ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கும் நாட்டில் இது லேசுப்பட்ட வேலையா? எனக்கென்னவோ நேரம் கொட்டிக் கிடந்தது. கல்லூரியில் தாவரவியல் நடத்திய என் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. தனிமை என்னைத் தின்றது, அதுதான் உண்மை.

இரண்டு விதிகள் எழுதினேன். பெயர் ஒன்றாக இருந்தாலும் இனிஷியல் வேறு என்றால் வேறு ஆள். இரண்டு பதிவுகளை ஒன்றாக்க வேண்டுமென்றால், எழுதியவரே மின்னஞ்சலில் 'ஆம்' என்று அழுத்த வேண்டும்; அழுத்தும் வரை திங்கள்தோறும் காலையில் நினைவூட்டல் போகும். "எதுக்குங்க இவ்வளவு வம்பு, நாமளே சேர்த்துடலாமே" என்றார் இந்த வேலையைக் கொடுத்த கமிட்டியில் ஒருவர். "ஒருத்தர் யாருன்னு அவங்கதாங்க சொல்லணும்" என்று சண்டையே போட்டேன்.

ஒரு நாள் அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பேராசிரியை ஃபோன் செய்தார்.

"சார், உங்க சிஸ்டம் என்னை ரெண்டு பொம்பளையா ஆக்கி வச்சிருக்குதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா இனிஷியல், அப்புறம் வூட்டுக்காரர் இனிஷியல். பாதிப் பேப்பர்தான் காட்டுது. வெள்ளிக்கிழமை யுனிவர்சிட்டியில கைடு கமிட்டிங்க. பிஎச்டிக்கு கைடாக எட்டு வருஷமா காத்துட்டு இருக்கறங்க."

அவருடைய இரண்டு பதிவுகளையும் திரையில் தேடி எடுத்தேன்.

"ஏங்க சார், உங்க வூட்டுல அவங்க இனிஷியல் மாத்தலீங்களா?"

அவருக்கு என்ன தெரியும், பாவம்!

"மாத்தினாங்க" என்றேன்.

என் மேலேயே எனக்கு எரிச்சல். ஆம்பிளைப் புத்தி! என் இனிஷியல் ஒருநாளும் மாறியதில்லை, அதனால் யாருக்கும் மாறாது என்று எழுதி வைத்திருக்கிறேன். முதல் விதியைத் தூக்கிப் போட்டேன். பெயரும் துறையும் ஒத்துப்போனால், இனிஷியல் வேறாக இருந்தாலும் கேட்டுப் பார்க்கும்படி மாற்றினேன். மறுநாள் காலை நிரலை ஓட்டியதும் பேராசிரியை பத்தே நிமிடத்தில் 'ஆம்' சொன்னார். வெள்ளிக்கிழமை கைடும் ஆகிவிட்டார்.

ஆனால் அந்தக் காலையில், அவர் பதில் வந்த கொஞ்ச நேரத்தில், உள்ளறை அலமாரியில் ஒரு ஃபோன் சத்தம் கேட்டது. மனைவியின் ஃபோன். ஏனோ அதற்கு இன்னும் சார்ஜ் போட்டு, ரீசார்ஜும் செய்துகொண்டிருந்தேன். திறந்தால் என் மின்னஞ்சல்: 'இந்த இருவரும் நீங்கள்தானா?' ஒரு பக்கம் மாமனார் இனிஷியலில் மூன்று கட்டுரைகள். மறுபக்கம் என் இனிஷியலில் நான்கு. விரல் பொத்தான் வரை போனது. கமிட்டியில் நான் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

இறந்தவர்களுக்கும் ஒரு விதி வேண்டும் என்றார்கள் கமிட்டியில். எழுதிக் கொடுத்தேன்: குடும்பத்தார் தகவல் பதிந்தால் நினைவூட்டல் நின்றுவிடும். பலர் பதிந்துவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் பதியவில்லை. திங்கட்கிழமை காலையானால் மிக்சியைக்கூடப் போடாமல், அந்த அலமாரிப் பக்கமே உட்கார்ந்திருக்கிறேன்.